கெட்ட மீனைக் காட்டிக்கொடுக்கும் அலைகள்

மீன் வாங்கத் தெரிந்தவர் விற்கிறவரின் பேச்சை மட்டும் நம்பி வாங்குவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கண் குழி விழுந்திருக்கிறதா என்று கவனிப்பார். சதையை விரலால் அமுக்குவார். கடைசியில் மூக்கருகே கொண்டு போவார். மும்பையில் கோலிப் பெண்களிடம் பேரம் பேசும் நம்மவர்கள், மராத்தி சரளமாக வராவிட்டாலும், இந்த நான்கு சோதனைகளையும் தவறாமல் நடத்திவிடுவார்கள். மூக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

திறந்த கூடைக்கு இந்த ஏற்பாடு சரி. மேல்நாடுகளில் மீனும் இறைச்சியும் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய தாளால் மூடி, காற்றுப் புகாமல் ஒட்டி விற்கப்படுகின்றன. நம் பெரிய நகரங்களிலும் அந்த வழக்கம் வந்துவிட்டது. உறையைப் பிரித்தால்தான் வாடை தெரியும். பிரித்துவிட்டால் வாங்கியாக வேண்டும். வாங்குகிறவருக்கு மிஞ்சுவது உறைமேல் அச்சடித்த தேதி ஒன்றுதான்.

அந்தத் தேதியைக் குறிப்பவர் உள்ளே இருக்கும் அந்த மீனைப் பார்த்துக் குறிப்பதில்லை. இந்த வகை மீன் இவ்வளவு குளிரில் இத்தனை நாள் தாங்கும் என்ற பொதுக் கணக்கை வைத்து, பத்திரத்துக்குச் சில நாட்களைக் கழித்துக்கொண்டு குறிக்கிறார். வழியில் லாரியின் குளிர்பெட்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலோ, நல்ல மீன் தேதி முடிந்த ஒரே குற்றத்துக்காகக் குப்பைக்குப் போகும். முதலாவதில் நஷ்டம் சாப்பிடுகிறவனின் வயிற்றுக்கு. இரண்டாவதில் நஷ்டம் பிடித்தவனுக்கும், விற்றவனுக்கும், விலையில் அதையும் சேர்த்துக் கொடுப்பவனுக்கும்.

உறைக்குள் இருக்கும் காற்றில் கொஞ்சம் எடுத்து, மீன் எந்த நிலையில் இருக்கிறது என்று திட்டமாகச் சொல்ல முடியுமா? முடியும் என்று பிரான்ஸ் நாட்டின் டன்கர்க் நகரத்து விஞ்ஞானிகள் 2018ஆம் ஆண்டில் செய்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது ரசாயனத் திரவமும் அல்ல, நிறம் மாறும் காகிதமும் அல்ல. ரேடியோ அலைகளின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க ஒரு வகை அலை.

கிருமி விடும் மூச்சு

மீன் தானாக நாறுவதில்லை. கடல் மீனின் சதையில் டிரைமெதிலமைன் ஆக்சைடு என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்தபிறகு அதன்மேல் பெருகும் நுண்ணுயிர்கள் அந்தப் பொருளிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது டிரைமெதிலமைன். மீன் மார்க்கெட் வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சதையில் உள்ள கந்தகச் சத்தைச் சில கிருமிகள் உடைத்து, ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியே விடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் அது. ஷிவானெல்லா என்ற கிருமி இந்த இரண்டு வேலைகளையும் செய்யக்கூடியது. ஐஸில் வைத்தால் அதன் வேகம் குறையுமே தவிர, வேலை நின்றுவிடாது.

இப்படிக் கிருமிகள் விடும் வாயுக்களை ஒரு விதத்தில் அவற்றின் மூச்சு எனலாம். எல்லாமே நாற்றம் அல்ல. முதல் மழையில் எழும் மண் வாசனைகூட ஜியோஸ்மின் என்ற பொருள்தான்; மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் செய்து வைப்பது. தயிருக்கும், புளித்த மாவுக்கும், கள்ளுக்கும் தனித்தனி மணம் உண்டாவதும் இந்தக் கூட்டத்தால்தான். எந்த நுண்ணுயிர், எதைத் தின்று, எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது அது விடும் வாயுக்களில் கொஞ்சமாவது தெரியும்.

மூக்குக்கு இது தெரிகிறதே, கருவி எதற்கு என்று கேட்கலாம். மூக்கு லேசான கருவி அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பலருக்கு வாடை தெரிந்துவிடும். ஆனால் மூக்கு எண் சொல்லாது. கொஞ்சம், அதிகம் என்றுதான் சொல்லும். சிறிது நேரத்தில் பழகிப்போய் அதையும் சொல்லாது. எல்லாவற்றையும்விட மோசமானது, இந்த வாயு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப் போய்விடுகிறது. வாடை போய்விட்டதே, ஆபத்து நீங்கியது என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே விழுகிறார்.

நம் நகரங்களின் சாக்கடைக் குழிகளில் நடப்பது இதுதான். கழிவுச் சேற்றில், காற்றில்லாத ஆழத்தில் வாழும் கிருமிகள் அங்கேயும் இதே ஹைட்ரஜன் சல்பைடைத்தான் உண்டாக்குகின்றன. அது காற்றைவிடச் சற்றுக் கனம், குழியில் தங்கும். சேற்றைக் கிளறியதும் ஒரேயடியாக எழும். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இன்னொருவரும் விழ, இரண்டு மூன்று பேராகச் செத்த செய்திகள் எத்தனையோ வந்துவிட்டன. மனிதரைக் கழிவு அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013ல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014ல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்த ஒரு வாயுவை மட்டும் அளந்து எச்சரிக்கை மணி அடிக்கும் கையடக்கக் கருவிகள் எண்ணெய்க் கிணறுகளில் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. சாக்கடைக் குழிக்குப் புது விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. இருக்கிற கருவியை இடுப்பில் கட்டிவிட ஆள்தான் தேவை. அதைவிட நல்லது, மனிதனை இறக்காமலிருப்பது.

அந்தச் சிறு கருவிக்கு ஒரு குறை உண்டு. அதற்கு ஒரு வாயுதான் தெரியும். வேறு சில வாயுக்கள் வந்தாலும் அதுதானோ என்று ஏமாந்து ஊசியை அசைக்கும். மீன் உறைக்குள்ளோ, நோயாளியின் மூச்சிலோ பத்து இருபது வாயுக்கள் கலந்திருக்கும்போது, யார் யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேறு வழி வேண்டும். டன்கர்க்கில் தேடியது அந்த வழியைத்தான்.

வட கடலோரத்துப் பரிசோதனை

இரண்டாவது உலகப் போரில், 1940ல், ஜெர்மானியர் சுற்றி வளைத்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறித் தப்பிய துறைமுகம் டன்கர்க். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில், வாயுக்களைச் சிற்றலைகளால் ஆராயும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2006லேயே அவர்கள் சிகரெட் புகையை ஒரு குழாயில் அடைத்து, அதில் ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு, பார்மால்டிஹைடு எவ்வளவு இருக்கின்றன என்று ஒரே வீச்சில் அளந்து காட்டினார்கள். (சிகரெட்டில் சயனைடா என்று திடுக்கிடுகிறவர்கள் திடுக்கிடத்தான் வேண்டும்.)

பிறகு மீனுக்கு வந்தார்கள். உணவு கெடுவதை ஆராய்வதில் பேர்போன பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் கூடச் சேர்ந்தார்கள். சால்மன் மீன் துண்டுகள், கடையில் விற்பதுபோலவே, பாதுகாப்பு வாயு நிரப்பிய உறையில் அடைக்கப்பட்டன. நாள் செல்லச் செல்ல உறைக்குள் இருந்த வாயுவில் மாதிரி எடுத்து அலைக் கருவிக்குள் விட்டார்கள். கிருமி பெருகப் பெருக ஹைட்ரஜன் சல்பைடின் அடையாளம் எழுந்து வளர்வது தெரிந்தது. தங்கள் கருவி சொல்வதை மட்டும் நம்பிவிடாமல், அதே வாயுவை வேறு ஒரு முறையிலும் சோதித்தார்கள். மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து எடை போட்டுப் பிரிக்கும் முறை அது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அலைக் கருவியின் கணக்கு சரிதானா என்று சரிபார்த்த பிறகே அறிக்கையை வெளியிட்டார்கள்.

எடை போடும் கருவியே இருக்கும்போது இது எதற்கு? அதிலும் ஒரு சங்கடம் உண்டு. எடை ஒன்றாக இருக்கும் இரட்டைப் பிள்ளைகள் வாயு உலகில் நிறைய. நைட்ரஜன் மூலக்கூறின் எடை எண் 28. கார்பன் மோனாக்சைடும் 28. பழத்தைப் பழுக்க வைக்கும் எதிலீனும் 28. சாதாரணத் தராசு இவற்றைப் பிரித்துச் சொல்லத் திணறும். அலைக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

மூலக்கூறின் வாய்ப்பாடு

நாம் கேட்கும் எப்.எம். வானொலியின் அலை ஒரு வினாடிக்குச் சுமார் 10 கோடி முறை அதிர்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதிர்வு கூடக் கூட நீளம் குறையும். ஒரு மில்லி மீட்டருக்கும் கீழே, பத்தில் ஒரு பங்கு மில்லி மீட்டர் வரையில் நீளமுள்ளவற்றை அரை மில்லி மீட்டர் அலைகள் என்று பொதுவாகச் சொல்லலாம். அவை வினாடிக்கு 30,000 கோடி முதல் 3 லட்சம் கோடி முறை அதிர்பவை. ரேடியோவுக்கும் அடுப்பின் வெப்பக் கதிருக்கும் நடுவே இருக்கும் சீமை அது. ரேடியோ என்ஜினீயர்களுக்கு மிக வேகம், ஒளி ஆராய்கிறவர்களுக்கு மிக மெதுவு என்று இரு தரப்பாரும் வெகுகாலம் அதைத் தரிசாகப் போட்டு வைத்திருந்தார்கள்.

வாயுவில் உள்ள மூலக்கூறுகள் சும்மா மிதப்பதில்லை, பம்பரம்போல் சுழல்கின்றன. நம் பம்பரத்தை எந்த வேகத்திலும் சுற்றலாம். மூலக்கூறை அப்படிச் சுற்ற முடியாது. அதற்குப் படி வைத்த வேகங்கள்தான் உண்டு. முதல் படியில் இருப்பது இரண்டாம் படிக்கு ஏற வேண்டுமானால், அதற்குச் சரியான அதிர்வுள்ள அலை வந்து தொட வேண்டும். சரியான அலை வந்தால் விழுங்கிவிடும். சற்று முன்பின்னாக இருந்தால் கண்டுகொள்ளாது.

ஹைட்ரஜன் சயனைடை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 100 கோடி அதிர்வை ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பார்கள். அந்தக் கணக்கில் சயனைடு விழுங்கும் முதல் அலை 88.63. அடுத்தது 177.26. அதற்கு அடுத்தது 265.89. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுபோல் ஓரொன்று, ஈரொன்று, மூவொன்று என்று போகிறது. நுணுக்கமாக அளந்தால் கடைசி இலக்கங்களில் வாய்ப்பாட்டைவிடச் சற்றுக் குறையும். காரணம், வேகமாகச் சுழலும்போது ராட்டினத்தில் தொட்டில்கள் வெளியே விரிவதுபோல, மூலக்கூறும் இம்மியளவு நீண்டுவிடுகிறது. அந்த இம்மியும் அளக்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு 115.27ல் தொடங்கும் வேறு வாய்ப்பாடு. ஹைட்ரஜன் சல்பைடு கோணலான மூலக்கூறு. அதன் வரிசை இவ்வளவு ஒழுங்காக இராது. 168.76ல் ஒன்று, 216.71ல் ஒன்று என்று தாண்டித் தாண்டி வரும். ஆனாலும் அது அதற்கே உரியது. இரண்டு வாயுக்களுக்கு ஒரே வாய்ப்பாடு அமைவதில்லை.

கருவியின் வேலை இதிலிருந்து விளங்கும். ஒரு முனையில் அலையை உண்டாக்குகிறார்கள். குறைந்த அதிர்வுள்ள அலையை டையோடுகள் வழியாக அனுப்பி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கி இந்தச் சீமைக்குக் கொண்டு வருவது ஒரு முறை. நடுவே வாயு அடைத்த குழாய். மறுமுனையில் வந்து சேரும் அலையை அளக்கும் காது. அதிர்வைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போனால், எந்தெந்த எண்ணில் அலை குறைந்து வருகிறதோ அந்தந்த எண்ணுக்கு உரியவர் உள்ளே இருக்கிறார். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப அவர் கூட்டமும் அதிகம்.

குழாயில் காற்றை அப்படியே அடைத்தால் மட்டும் வேலை நடக்காது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதல் ஒவ்வொன்றும் சுழற்சியைக் கலைக்கும். அடையாளக் கோடுகள் அகன்று, ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியைப் போல யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. பம்பு வைத்து, அழுத்தத்தை லட்சத்தில் சில பங்காகக் குறைத்தால் காட்சி மாறுகிறது. கோடு ஒவ்வொன்றும் சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒடுங்கிவிடும். 300 முதல் 600 கிகாஹெர்ட்ஸ் வரையில் மட்டும் பார்த்தாலும் அந்த அகலத்தில் மூன்று லட்சம் இருக்கைகள் கிடைக்கின்றன. எல்லாம் ரிசர்வ் செய்தவை. சார்ட்டை வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னுமாக இருந்தால்தான் அலை அதைப் பிடித்துச் சுழற்ற முடியும். நைட்ரஜனிலும் கார்பன் டை ஆக்சைடிலும் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே இந்த அலைகளுக்கு அவை இருப்பதே தெரியாது. மீன் உறையில் அடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வாயுக்களைத்தான். வைக்கோல் போர் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துபோய், ஊசி மட்டும் தெரிந்தால் தேடுகிறவனுக்கு எவ்வளவு சுலபம்! இதே காரணத்தால், இட்லி மாவைப் பொங்க வைக்கும் வாயு இந்தக் கருவிக்குச் சுத்தமாகத் தெரியாது. மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்தாலும் அது சும்மா இருக்கும்.

தொல்லை கொடுப்பது தண்ணீர். நீராவி இந்த அலைகளை ஆவலோடு விழுங்கும். மீனும் ஈரம், மூச்சும் ஈரம். அழுத்தத்தைக் குறைத்தபிறகு நீராவியின் கோடுகளும் ஒடுங்கிவிடுவதால், இடையிடையே உள்ள சந்துகளில் பார்த்துச் சமாளிக்கிறார்கள். பெரிய மூலக்கூறுகளும் தொல்லைதான். மண் வாசனை தரும் ஜியோஸ்மினில் 12 கார்பன் அணுக்கள். அது சுழலக்கூடிய விதங்கள் எண்ணிலடங்கா. ஆயிரக்கணக்கான கோடுகளில் அதன் பலம் சிதறிப் போய், ஒன்றுகூட உருப்படியாகத் தெரியாது. சிறிய, லேசான மூலக்கூறுகளிடம்தான் இந்த அலைகளின் சாமர்த்தியம் செல்லும்.

பிராட்ஷா புத்தகமும் போஸும்

இந்தச் சீமையின் எல்லைக்கு முதலில் போனவர்களில் ஒருவர் நம் நாட்டவர். கல்கத்தா பிரெஸிடென்சி கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ், 1895ல் அந்த நகரத்து மக்கள் முன்னிலையில், கம்பியில்லாமல் அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். மற்றவர்கள் மீட்டர் கணக்கில் அலைகளை உண்டாக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய அலைகளின் நீளம் 5 மில்லி மீட்டர் வரையில் இறங்கியிருந்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதை விளக்கிப் பேசினார்.

கருவிகளைக் கையில் கிடைத்ததை வைத்தே செய்துகொண்டார். அலையின் அதிர்வுத் திசையை வடிகட்ட அவர் கையாண்ட சாதனங்களில் ஒன்று பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள்களைச் செருகி வைத்தார். அதுவே வடிகட்டி ஆயிற்று. வண்டி வரும் நேரத்தைச் சொல்வதற்காக அச்சடித்த புத்தகத்துக்கு இவ்வளவு உபயோகமான வேலையை வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். முறுக்கிய சணல் நாரைக் கொண்டும், அலை எப்படித் திரும்புகிறது என்று காட்டினார். வாயுக்களை அவர் சோதிக்கவில்லை. அதற்கு இன்னும் நாற்பது வருஷம் ஆக வேண்டியிருந்தது.

1934ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளீட்டன், வில்லியம்ஸ் என்ற இருவர், ரப்பர் பூசிய துணிப் பையில் அம்மோனியாவை நிரப்பி, ஒன்றேகால் சென்டி மீட்டர் அலையை அதன் வழியே விட்டார்கள். அலை விழுங்கப்பட்டது. அலையால் வாயுவை அடையாளம் காணும் கலை அந்தப் பையில் பிறந்தது. போரின்போது ராடார் செய்தவர்கள் இதே அளவு அலையைப் பயன்படுத்தப் போய், காற்றிலுள்ள நீராவி அதை விழுங்கிவிடுவதைக் கண்டு தலையில் கைவைத்தார்கள். போர் முடிந்ததும் அந்த ராடார் சாமான்கள் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு வந்து சேர, இந்தத் துறை வேகமாக வளர்ந்தது.

நோயாளியின் மூச்சு

மீனைச் சொல்லும் கருவி மனிதனைச் சொல்லாதா? சூடோமோனாஸ் என்ற கிருமி ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய தலைவலி. பல மருந்துகளுக்கு அடங்காதது. நுரையீரல் பலவீனமானவர்களைப் பிடித்தால் லேசில் விடாது. அது ஹைட்ரஜன் சயனைடு வாயுவை உண்டாக்கும் வழக்கமுள்ளது. சளியை எடுத்து வளர்த்துப் பார்த்துக் கிருமி இன்னதென்று சொல்ல இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. சிறு குழந்தைகளுக்குச் சளியைத் துப்பவே தெரியாது. மூச்சை ஊதச் சொல்லிச் சயனைடு இருக்கிறதா என்று பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடாதா என்ற யோசனையில், எடை போடும் வகைக் கருவிகளைக் கொண்டு பிரிட்டனில் சோதனைகள் நடந்தன. சயனைடோ, அரை மில்லி மீட்டர் அலைகளுக்கு மிகவும் பிடித்த மூலக்கூறுகளில் ஒன்று; சிறியது, லேசானது, மின் வேறுபாடு பலமாக உள்ளது.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராங்க் டெலூசியா இந்த அலைகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவரும் கூட்டாளிகளும் 2012ல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு மேஜையில் அடங்கும் கருவியைக் கொண்டு, காற்றில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சில வாயுக்களைக் கண்டுபிடித்ததை விவரித்தார்கள். வாயுவை முதலில் ஒரு பொறியில் பிடித்துச் சேர்த்து, பிறகு மொத்தமாகக் குழாய்க்குள் விடுவது அவர்கள் கையாண்ட உபாயம்.

இருந்தும் டாக்டர்கள் அவசரப்படவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமுள்ளவர் வாயிலும் கொஞ்சம் சயனைடு உண்டாகிறது. சிகரெட் பிடித்தவர் மூச்சில் அதிகமாகவே இருக்கும். கருவி, 'இது சயனைடு' என்று சத்தியம் செய்யும். அது எந்தக் கிருமி விட்டது, அல்லது கிருமியே விட்டதா என்பதற்குச் சாட்சி சொல்லாது. ஒரே வாயுவைப் பல கிருமிகள் விடலாம். ஒரே கிருமி, உணவு மாறினால் வேறு வாயுவை விடலாம். பல வாயுக்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு கட்ட வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மூச்சு சேர வேண்டும்.

சுக்கிரனில் எழுந்த வழக்கு

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வானத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 செப்டம்பர் 14ல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் சுக்கிர கிரகத்தைப் பற்றி எழுதின. ஹவாய்த் தீவிலும் சிலி நாட்டிலும் உள்ள தொலைநோக்கிகள் மூலம், ஒரு மில்லி மீட்டரைச் சற்றே தாண்டிய அலையில், சுக்கிரனின் மேகத்தில் பாஸ்பைன் என்ற வாயுவின் கோடு தெரிந்தது என்பது செய்தி. தானியக் கிடங்குகளில் வண்டு சாகப் போடும் மாத்திரையிலிருந்து வருகிற அதே நச்சு வாயு. பூமியில் இயற்கையாக அது, காற்றில்லாத சதுப்பு நிலங்களிலும் விலங்குகளின் குடலிலும், நுண்ணுயிர்கள் இருக்கும் இடத்தில் காணப்படுகிறது. அப்படியானால் சுக்கிரனில் உயிரா?

எதிர்வாதம் சில வாரங்களிலேயே கிளம்பியது. பாஸ்பைனின் கோடு 266.94 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. கந்தக டை ஆக்சைடுக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு கோடு உண்டு. சுக்கிரனில் அந்த வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் டிக்கெட் காட்டினால் என்ன செய்வது? ஆராய்ச்சிக் கூடமாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்துப் பிரிக்கலாம். அல்லது அதே வாயுவின் அடுத்த கோட்டைப் பார்த்து உறுதி செய்யலாம். சுக்கிரனின் அழுத்தத்தை யார் குறைப்பது? அடுத்த கோடுகளை நம் காற்றின் நீராவி மறைத்துவிடுகிறது. 2021ல் சோபியா என்ற விமானத் தொலைநோக்கியில் உயரப் பறந்து பார்த்தார்கள். பாஸ்பைன் தெரியவில்லை என்று 2022ல் அறிக்கை வந்தது. முதலில் சொன்னவர்களும் தங்கள் அளவைக் குறைத்துக்கொண்டார்களே தவிர, கைவிடவில்லை.

ஒரு கோட்டை மட்டும் நம்பக் கூடாது என்பது டன்கர்க்காரர்களுக்கும் தெரிந்த பாடம். அவர்கள் கையில் குழாயும் பம்பும் இருக்கின்றன. வேண்டிய அளவு கோடுகளைப் பார்த்து ஒத்திட்டுக்கொள்ளலாம். அந்த வசதிதான் மீனுக்கும் சுக்கிரனுக்கும் உள்ள வித்தியாசம்.

மீன் மார்க்கெட்டில் இந்தக் கருவி வந்து உட்காரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பம்பும் குழாயும் அலை மூலமும் சேர்ந்து இன்றும் அது ஆராய்ச்சிக்கூடத்துச் சாமான்தான். நியாயமான இடம், உறையில் அடைத்து அனுப்பும் பெரிய தொழிற்சாலை. ஒரே நாளில் அடைத்த ஆயிரம் உறைகளில் சிலவற்றைச் சோதித்து, தேதியை ஊகத்தால் குறிக்காமல் அளந்து குறிக்கலாம். குளிர்பெட்டி நின்று போன லாரியின் சரக்கைத் திருப்பி அனுப்பலாம். நல்ல சரக்குக்கு இன்னும் இரண்டு நாள் ஆயுள் கொடுக்கலாம்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு போக, எத்தனால், மெதில் சயனைடு, பார்மால்டிஹைடு ஆகியவற்றையும் இப்போதைய கருவியாலேயே பிடிக்கலாம் என்று 2018ஆம் ஆண்டு அறிக்கை கணக்குச் சொல்கிறது. ஆனால் உணவு கெடுவதற்கு அடையாளமாகக் கருதப்படும் டைமெதில் சல்பைடு, அசிட்டோன், பியூட்டனோன் ஆகியவற்றைப் பிடிக்கக் கருவியின் கூர்மை நூறு மடங்கு கூட வேண்டும். டன்கர்க்காரர்கள் அதற்கு ஒரு வழியை 2019ல் காட்டினார்கள். குழாயின் இரு முனைகளிலும் அலையைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளைப் பொருத்தி, அலையை உள்ளேயே ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓட விட்டார்கள். சுமார் அரை மீட்டர் நீளமுள்ள குழாய். வெளியே வருவதற்குள் அலை வாயுவின் ஊடே ஒரு கிலோ மீட்டர் தூரம் நடந்திருக்கிறது.